உட்கார்ந்திருப்பவரின் இடது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒர்க்‌ஷாப் முற்றத்தில் இருந்தவர்கள் பார்ட்ஸ் அக்கா, ஃபோர்மேன் அண்ணன், வாட்ச்மேன், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேனேஜர். "ஞாயித்துக்கெழம நான் ஊர்லயே இருக்க மாட்டேன். இங்க என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது" என்று முந்தின நாள் சாயங்காலம் சொல்லிவிட்டுப் போனார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டோம். இன்னொருவர் அக்காவின் கணவர். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அன்று நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஒரு கார் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தருமபுரி பைபாஸை ஒட்டிய கார் ஷோரூம் அது. எங்கள் வீட்டில் படித்து முடித்த முதல் ஆள் நான். நான் பார்த்த முதல் வேலை அது. இன்ஷூரன்ஸ் கிளெய்ம் எழுதும் மேஜையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்கு நேர் எதிரே அக்காவின் பார்ட்ஸ் கவுண்டர். காருக்கு எந்தச் சாமான் வேண்டுமென்றாலும், அது சரியான சாமான்தானா என்று கேட்டு, கம்ப்யூட்டரில் எண்ணைத் தேடி, இருந்தால் எடுத்துக் கொடுத்து, இல்லாவிட்டால் வரவழைத்துக் கொடுப்பவர் அவர். முப்பதைத் தாண்டியிருக்கும். மாரண்டஹள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கம்ப்யூட்டர் நின்றுபோனால் அதைத் தெலுங்கில்தான் அதட்டுவார். மேனேஜர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் பார்ட்ஸ் அக்கா. பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். நாங்கள் அதைக் கூப்பிட்டதில்லை.

அந்தக் கவுண்டருக்கு முன்னால் ஒரு டிரைவர் சீட் கிடந்தது. சாம்பல் நிறத் துணி போட்ட, நிஜக் காரிலிருந்து கழற்றிய சீட். கீழே இரண்டு மரக்கட்டைகளை வைத்து நிறுத்தியிருந்தார்கள். அது கவுண்டரைப் பார்த்து இல்லை; கவுண்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடிச் சுவர் வழியே பைபாஸைப் பார்த்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் லாரிகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். மத்தியான வெயிலில் அவை தரையைத் தொடாமல் மிதந்து போவதுபோல் இருக்கும்.

"இது யாரு கார்ல இருந்து வந்ததுக்கா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"சொன்னா உக்காருவீங்களா?" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

காரில் பாதி சாமான்கள் இரண்டு இரண்டாக இருப்பவை. லைட், கண்ணாடி, கதவு, கைப்பிடி எல்லாமே இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். மாற்றிப் போட்டால் சேராது. வாங்க வருகிறவர் காருக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு வந்திருப்பார். அவருக்கு எதிரே நிற்கிற காரின் இடது, அவருடைய வலது. போட்டோ எடுத்து வந்தாலும் அதே கதைதான். மெக்கானிக்குகள் டிரைவர் சைடு, கிளீனர் சைடு என்று சொல்லிப் பார்ப்பார்கள். அதிலும் டிரைவர் இறங்கிச் சுற்றி வந்து நின்ற பக்கத்தைக் காட்டியவர்கள் உண்டு.

அக்காவே ஒருமுறை ஏமாந்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவர் சொன்ன பேச்சை நம்பி ஒரு கதவையே வரவழைத்துவிட்டார். வந்தது வலது. வேண்டியது இடது. கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கதவு ஸ்டோர் ரூம் மூலையில் சுவரில் சாய்ந்து நின்றது. அக்கா அதன் கைப்பிடியில்தான் தன் பையையும் குடையையும் மாட்டுவார். எந்தக் காருக்கும் போகாத, எதற்குள்ளும் திறக்காத கதவு. காலையில் பையை மாட்டும்போது அதை ஒரு தட்டுத் தட்டுவார்.

அந்தக் கதவு வந்த பிறகுதான் சீட் வந்தது.

"கார்ல இடது வலதுங்கறது உள்ள உக்காந்திருக்கறவருக்குங்க. வெளிய நிக்கறவருக்கு இல்ல." ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இதைச் சொல்வார்.

தக்காளி வியாபாரி ஒருவர் வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டியபடியே உள்ளே வந்தார்.

"முன்னாடி லைட்டும்மா. சோத்தாங்கை பக்கம்."

"கொஞ்சம் உக்காந்து சொல்லுங்கண்ணா."

"இடிச்சது நானு. எனக்குத் தெரியாதா? ஒக்கார வெச்சு ஜோசியமா பாக்கப்போற?"

"ஸ்டீயரிங்கப் புடிங்க."

"எங்க இருக்குது?"

"இருக்குதுன்னு வெச்சுக்குங்க. கண்ண மூடிக்கிங்க. வண்டி போயிட்டிருக்குது. இப்ப எந்தப் பக்கம் இடிக்குது?"

அவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அக்கா சீட்டுக்குப் பின்னால் போய் நின்றார், பின் சீட்டில் வருகிற ஆள்போல. பிறகு அவருடைய இடது கை தானாக மேலே எழுந்து முகத்தை மறைத்தது. கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார்.

"அட, பீச்சாங்கை!"

எழுந்திருப்பார் என்று நினைத்தேன். எழவில்லை. பைபாஸைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு, முன்னால் இருக்கிற கண்ணாடியிடம் சொல்வதுபோல், "நாய் குறுக்க வந்துச்சுன்னு வூட்ல சொல்லியிருக்கேன். நாயெல்லாம் ஒண்ணும் வரல. தூங்கிட்டேன்" என்றார்.

"மண்டிக்குப் போற அன்னிக்கு யாரையாவது கூட்டிட்டுப் போங்கண்ணா" என்றார் அக்கா, பின்னாலிருந்து.

முகம் தெரியாததால்தான் அப்படிப் பேசுகிறார்கள் என்று எனக்குப் போகப்போகப் புரிந்தது. இரண்டு பேரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீண்ட பயணத்தில் பேசுகிற பேச்சு அது. ஒருவர் சொல்வார், ஒரு லாரி கடந்து போகும், இன்னொருவர் பதில் சொல்வார்.

டவுனில் பாத்திரக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் கதவின் உள்பக்கக் கைப்பிடி கேட்டு வந்தார். வெள்ளைத் தாடி, இஸ்திரி போட்ட சட்டை. சொன்னவுடன் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். "எந்தக் கதவுங்க பாய்?" என்று அக்கா கேட்டதும் இடது கையைப் பக்கத்தில் நீட்டினார். பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல, அவர்கள் மேல் பட்டுவிடாமல், கொஞ்சம் சுற்றி நீட்டினார். அந்தக் கை காற்றிலேயே நின்றது.

"வர நாலஞ்சு நாளாகும்ங்க பாய். அதுவரைக்கும் நீங்க எறங்கி வெளிய இருந்து தொறந்து விடலாம்."

"உள்ள இருந்து எறங்கறதுக்கு இப்ப ஆளில்லம்மா. எங்க வீட்டம்மா ரம்ஜானுக்கு முன்னாடியே போயிட்டாங்க." கையை மடியில் வைத்துக்கொண்டார். "கைப்பிடி ஒடைஞ்சிருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இருந்தாலும் போட்டுடணும்."

அக்கா கைப்பிடியின் எண்ணை எழுதினார். கைப்பிடி வந்த அன்று அவரே ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போய், மாட்டும்வரை பக்கத்தில் நின்று, உள்ளே உட்கார்ந்து ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

இந்த சீட்டில் உட்காராத ஒரே ஆள் ஃபோர்மேன் அண்ணன். மொரப்பூர்க்காரர். வாகனங்களோடு வயதானவர். "எனக்கே இடது வலது சொல்லித் தர்றியா நீ? நான் கண்ணு தொறந்ததே கார்க்கு அடியில" என்பார். "உன் சினிமாவ நீ ஓட்டு."

அக்கா ஓட்டத்தான் செய்தார். அதை நான் ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்தேன். ஷோரூமில் சாப்பாட்டு நேரம். விளக்குகளைப் பாதி அணைத்திருந்தார்கள். அக்கா அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். இரண்டு கையும் காற்றில் வட்டமாக எதையோ பிடித்திருந்தன. கண் மூடியிருந்தது. வலது பாதம் மெல்ல அழுந்திற்று.

"அக்கா?"

"பேசாதீங்க தம்பி. கேட்டு போட்டிருக்காங்க. ரயில் வருது."

நான் என் ஸ்டூலை எடுத்துக்கொண்டுபோய் சீட்டுக்கு இடதுபக்கம் போட்டு உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரயில் போய் முடியும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம். பிறகு அவர் கியரைப் போட்டார். வண்டி கிளம்பிற்று என்று எனக்கே தோன்றியது.

அதற்குப் பிறகு பல மத்தியானங்கள் அப்படிப் போனோம். ஒருநாள் தொப்பூர்க் கணவாயில் இறங்கினோம். லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாக. ஒருநாள் வத்தல்மலை வளைவுகளில் ஏறி, மேலே பனியில் நிறுத்தினோம். இண்டூர் வழியாக ஒருநாள் போனபோது, "அதோ எங்க ஊருக்குப் பிரியற வழி" என்று நான் காட்டினேன். அவர் கண்ணைத் திறக்காமலே வேகத்தைக் குறைத்தார். ஆனால் பாலக்கோடு தாண்டி மாரண்டஹள்ளி நெருங்கினால் மட்டும் எங்கேயாவது திருப்பிவிடுவார்.

"ஏங்க்கா, உங்க ஊருக்கே போறதில்ல?"

"வூடு வந்துட்டா எறங்கணும்ல."

அவர் ஒருநாளும் நிஜக் காரை ஓட்டியதில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இத்தனைக்கும் அவர் கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். சொந்தக் கார். சாவி தரமாட்டார். கோபக்காரர் இல்லை. "வண்டி நம்ம சோறு. சோத்துல வெளையாடக் கூடாது" என்பாராம். அக்கா அதைத் திரும்பச் சொல்லும்போது அவர் பக்கமும் நியாயம் இருப்பதுபோலவே சொல்வார்.

இப்படியே போயிருக்கும். அந்த வருடம் மாம்பழ சீசன் முடிகிற நேரத்தில் கம்பெனி ஒரு புது வேலையை உண்டாக்கியது. ஒரு சின்ன வேனில் பார்ட்ஸ் ஏற்றிக்கொண்டு பாலக்கோடு, பென்னாகரம், அரூர், மொரப்பூர் என்று ஊர் ஊராகப் போய், அங்கங்கே இருக்கிற கராஜ்களுக்குக் கொடுத்து, ஆர்டர் எடுத்து வர வேண்டும். மேனேஜர் கவுண்டர் முன்னால் நின்று, "யாரைப் போடறதுன்னு பாக்கறேன்" என்றார்.

"என்னைப் போடுங்க சார்" என்றார் அக்கா.

மேனேஜர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "லைசென்ஸ் வேணும்மா. இந்த மாசக் கடைசிக்குள்ள காட்டினா நீங்க. இல்லன்னா சேலத்துல இருந்து ஒரு பையன் வர்றான்."

அக்காவிடம் எல்.எல்.ஆர். இருந்தது. யாருக்கும் தெரியாமல் டிரைவிங் ஸ்கூலிலும் சேர்ந்து முடித்திருந்தார். "ஆனா தம்பி, எல்லா கிளாஸும் மாஸ்டருதான் ஓட்டினாரு. அவரு பக்கமும் பிரேக்கு, கிளட்சு இருக்குதில்ல. நான் ஸ்டீயரிங்கப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். இந்த சீட்டு மாதிரியேதான்." டெஸ்ட் செவ்வாய்க்கிழமை. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. டெஸ்டில் தவறினால் மறுபடி தேதி வாங்குவதற்குள் மாதம் முடிந்துவிடும்.

வண்டி கொடுத்தவர் ஃபோர்மேன் அண்ணன். யாரும் கேட்கவில்லை, தானாகவே சொன்னார். அவருடைய பழைய வெள்ளைக் கார். முந்தின தீபாவளிக்குத்தான் பெயிண்ட் அடித்திருந்தார். ஞாயிறு காலை அதை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தி, முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டினார். "சினிமா போதும். வந்து ஏறு" என்றார்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அண்ணன் பக்கத்து சீட்டில். நான் பின்னால். வாட்ச்மேன் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

முதல் இரண்டு சுற்று அருமையாகப் போயிற்று. என்ஜின் ஒருமுறைகூட நிற்கவில்லை. கிளட்சைக் குழந்தையைக் கீழே விடுவதுபோல் விட்டார். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது ஆச்சரியம்தான். "கேட்டுக்கு வெளிய எடு" என்றார். அக்கா எடுத்தார். வளைவு சரி. வேகம் சரி. வலதுபக்கம் இரண்டடி இடம் விட்டு அழகாகப் போனார். இடதுபக்கத்தில் கேட் தூண் காருக்குள் வந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு டப்பா நசுங்குவதுபோல. பிறகு கண்ணாடி உதிர்வது கேட்டது.

அண்ணன் கதவைத் திறந்து முன்னால் ஓடினார். காரைப் பார்த்து நின்று தலையில் கை வைத்தார். "போச்சு! என் ரைட் லைட்டு போச்சு! ரைட் லைட்டே போச்சே!"

அக்கா தலையை ஜன்னல் வழியே நீட்டினார்.

"லெஃப்டுங்கண்ணா. நீங்க வெளிய நின்னுட்டு இருக்கீங்க."

வாட்ச்மேன்தான் முதலில் சிரித்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். அண்ணன் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது. சிரித்து முடித்துத் திரும்பி வந்தபோது அக்கா மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இடது எதுன்னு எனக்குத் தெரியும்ங்கண்ணா. எவ்வளவு தூரம் வரைக்கும் இடதுன்னு தெரியல."

அந்த சீட்டைச் சுற்றி ஒன்றும் இருந்ததில்லை அல்லவா. கதவு இல்லை, பம்பர் இல்லை. அவர் ஓட்டியதெல்லாம் சீட்டின் அகலத்தில்.

"சரி, எறங்கு. பாத்துக்கலாம்" என்றார் அண்ணன்.

"எறங்கினா மறுபடி ஏற மாட்டேண்ணா. நீங்க ஏறுங்க."

"லைட்டு தொங்குது ஆத்தா!"

"பகல்தானே? லைட்டு எதுக்கு?"

அண்ணன் தொங்கிய லைட்டை ஒரு துணியால் கட்டிவிட்டு ஏறினார். அக்கா வண்டியைப் பின்னால் எடுத்து, மறுபடி அதே கேட்டில், இந்தமுறை வலதுபக்கத்தை உரசுகிற அளவுக்கு ஒட்டி, வெளியே கொண்டுபோனார். பாலக்கோடு ரோட்டில் திரும்பினோம்.

அந்தப் பயணம் எனக்கு இன்றுவரை விழித்துக்கொண்டு பார்த்ததாகத் தோன்றுவதில்லை. மத்தியானங்களில் நாங்கள் போன அதே ரோடு. அதே ரயில்வே கேட். நிஜமாகவே மூடியிருந்தது, நிஜமாகவே ரயில் வந்தது. மாந்தோப்புகள் இரண்டு பக்கமும் மெதுவாகப் பின்னால் போயின. அண்ணன் "லெஃப்ட்ல எடம் விடு, இன்னும் விடு" என்று மட்டும் அவ்வப்போது சொன்னார். நான் அக்காவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவுண்டரில் அவர் நிற்கிற இடத்தில் இப்போது நான் இருந்தேன். அவருக்கு என் முகம் தெரியாது. அதனால்தானோ என்னவோ பேசினார்.

"எங்க வண்டில முன்னாடி சீட்டு அத்தைக்கு. அவங்களுக்கு முழங்கால் வலி. நான் எப்பவும் பின்னாடிதான், நீங்க இருக்கற எடம். கல்யாணமானதுல இருந்து ரோட்ட ரெண்டு தலைக்கு நடுவுலதான் பாத்திருக்கேன்." ஒரு பஸ் கடந்து போயிற்று. "இவ்ளோ அகலமா இருக்குது தம்பி."

மாரண்டஹள்ளி வந்தது. அவர் திருப்பவில்லை. கடைத்தெருவைத் தாண்டி ஒரு குறுகலான சந்துக்குள் நுழைந்தார். ஒரு வீட்டு வாசலில் மஞ்சள் போர்டு போட்ட கார் நின்றது. ஒருவர் பனியனோடு அதைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா அதன் பின்னால் நிறுத்தி ஹாரன் அடித்தார்.

அவர் திரும்பினார். கையில் ஈரத்துணி. எல் போர்டைப் பார்த்தார். துணி கட்டிய லைட்டைப் பார்த்தார். அப்புறம்தான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார். வீட்டிலிருந்து ஒரு வயதான அம்மா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தெலுங்கில் என்னவோ கேட்டார். அக்கா கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல், இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

கணவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உடைந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"எங்க இடிச்ச?"

"கேட்டு தூணு."

"லெஃப்டு எப்பவும் கடைசியாதான் வரும்" என்றார். கொஞ்ச நேரம் சந்தின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க திருப்ப முடியாது. ரிவர்ஸ் வருமா ஒனக்கு?"

"தெரியல."

அவர் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்குப் பின்னால் நடந்து போனார். சந்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கினார். "வா. வா. நேரா வா. பயப்படாத, நான் நிக்கறேன். லெஃப்ட்ல ஒரு சாண் இருக்குது. வா." பின் கண்ணாடியில் அவர் சின்னதாகத் தெரிந்தார். நாங்கள் அவரை நோக்கிப் பின்னாலேயே போனோம். அவரும் பின்வாங்கிக்கொண்டே மெயின் ரோடு வரை வந்தார். அங்கே கையை இறக்கிவிட்டு, ஒதுங்கி, போ என்று தலையசைத்தார்.

செவ்வாய்க்கிழமை அக்கா டெஸ்டில் தேறினார். வேன் அவர் கைக்கு வந்தது. அதற்கடுத்த வருடம் நான் ஓசூருக்கு வேறு வேலைக்கு வந்துவிட்டேன். ஊருக்குப் போகும்போது எப்போதாவது அந்த வேன் எதிரே வரும். பஸ் ஜன்னலிலிருந்து கை காட்டுவேன். அவர் பார்த்ததில்லை. ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

திங்கட்கிழமையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று காலை அக்கா வந்ததும் பையைக் கதவில் மாட்டிவிட்டு, கவுண்டருக்குப் போகாமல் சீட்டுக்குப் பின்னால் போய் நின்றார். ஃபோர்மேன் அண்ணன் வந்தார். சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தூக்கிக் காற்றைப் பிடித்தார். கண்ணை மூடினார்.

"எந்தப் பக்கம்ங்கண்ணா?"

"லெஃப்டு" என்றார் அண்ணன், இடது கையைத் தூக்கி.

அக்கா பில் போட்டார். அன்று முற்றத்தில் இருந்த நான்கு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். இடது லைட், பம்பர், பெயிண்ட், கேட் தூணுக்கு அடித்த சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து நாலாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.